ஒற்றை பே டீட்டெய்லிங் கடை: எந்தெந்த வேலை, என்ன விலை?

புதுக்கடை — 8 ஜூன் 2025

கோவை சரவணம்பட்டி பக்கம் ஆகஸ்ட்ல டீட்டெய்லிங் (காரை நுணுக்கமா கழுவி, பாலிஷ் போடற வேலை) கடை திறக்கறோம்ங்க. உள்ள ஒரே பே, ஒரு கார் நிறுத்தி வேலை செய்யலாம். முன்னாடி ஷீட் போட்ட வாசல்ல இன்னொரு கார் நிக்கும். நானும் ரெண்டு பசங்களும். சர்வீஸ் லிஸ்ட் எழுதினா 22 வருது, ஃபோம் வாஷ்ல இருந்து பி.பி.எஃப். (பெயிண்ட்டைக் காக்க ஒட்டற ஃபிலிம்) வரைக்கும். விலைக்கு சத்தி ரோட்டுக் கடை போர்டெல்லாம் பாத்து ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் குறைச்சிருக்கேன்: ஃபோம் வாஷ் 350, இன்டீரியர் 1,200, செராமிக் (பெயிண்ட் மேல பூசற பாதுகாப்புக் கோட்டிங்) 9,000. மொதல்ல கூட்டம் வரட்டும், அப்புறம் ஏத்திக்கலாம்னு நினைக்கறோம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இரண்டு வாளி — 8 ஜூன்

போர்டில் விலை தெரியும், அந்த விலைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. 9,000 ரூபாய் செராமிக்கில் ஒரு கடை மேலோட்டமாக ஒரு பாலிஷ் ஓட்டி, ஒரு பாட்டிலை மூன்று காருக்குப் பிரித்து, சாயங்காலமே சாவியைக் கொடுத்துவிடும். இன்னொரு கடை 18,000 வாங்கி, இரண்டு கட்டமாகப் பாலிஷ் செய்து, காருக்கு ஒரு பாட்டில் திறந்து, இரண்டு இரவு உள்ளேயே வைத்திருக்கும். இரண்டுக்கும் பெயர் செராமிக்தான். போர்டைப் பார்த்து விலை போட்டால் இரண்டாம் கடையின் வேலையை முதல் கடையின் விலைக்குச் செய்து கொடுப்பீர்கள்.

மாதச் செலவிலிருந்து தொடங்குங்கள். உதாரணத்துக்கு: வாடகை 22,000, இரண்டு பசங்க சம்பளம் 30,000, உங்கள் சம்பளம் 30,000, கரண்ட் 4,500, தண்ணீர் 3,000, இன்சூரன்ஸ் 2,000, மெஷின் தேய்மானம் 4,000, போன், விளம்பரம், டீ, இதர செலவு 4,500. மொத்தம் ஒரு லட்சம். உங்கள் சம்பளத்தை இதில் சேர்க்காமல் விடாதீர்கள். பல கடைகளின் 'லாபம்' என்பது முதலாளி தனக்கே கொடுத்துக்கொள்ளாத கூலிதான்.

மூன்று பேர், நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள்: 624 ஆள்-மணி. இதில் காசாவது பாதிக்குக் கொஞ்சம் மேல். போன் பேசுவது, துணி துவைப்பது, பேயைக் கழுவுவது, கஸ்டமருக்கு விளக்குவது, கார் வராத மத்தியானம் எல்லாம் போக 55 சதவீதம் என்று வையுங்கள்: 343 மணி. ஒரு லட்சத்தை 343-ஆல் வகுத்தால் ஆள்-மணிக்கு 292. லாபம் 20 சதவீதம் சேர்த்தால் 350.

இனி உங்கள் ஃபோம் வாஷ். இரண்டு பேர் 40 நிமிடம், 1.33 ஆள்-மணி, 467 ரூபாய். ஷாம்பு, டயர் டிரெஸ்ஸிங், துணி துவைப்பு 40. மொத்தம் 507. நீங்கள் 350 போட்டால் ஒவ்வொரு வாஷுக்கும் கையிலிருந்து போகும். கூட்டம் கூடக்கூட நஷ்டமும் கூடும்.

இரண்டு வாளி — 9 ஜூன்

22 சர்வீஸ் பற்றி. ஆறு போதும். வாஷ், இன்டீரியர், பெயிண்டில் ஒட்டிய துகளை எடுக்கும் டீகன்டாமினேஷனோடு ஒரு கட்டப் பாலிஷும் சீலன்ட் என்னும் பாதுகாப்புப் பூச்சும், இரண்டு கட்டப் பாலிஷோடு செராமிக், ஹெட்லைட், செராமிக் போட்ட காருக்கு ஆறு மாதப் பராமரிப்பு. மற்றதெல்லாம் இவற்றோடு சேர்க்கும் சில்லறை வேலைகள்.

பி.பி.எஃப்.ஐ எடுத்துவிடுங்கள். ரோல் 1.52 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். முழு காருக்கு ஏறக்குறைய ஒரு ரோல் போகும். தூசியில்லாத அறையில் மூன்று நான்கு நாள். ஒரு கதவில் கை தவறினால் அந்தக் கதவுக்கு வெட்டிய ஃபிலிம் குப்பைக்கு. அதைச் செய்கிறவரிடம் அனுப்பி கமிஷன் வாங்குவது மேல்.

என்ஜின் பே கழுவுவதையும் தனி சர்வீஸாகப் போட வேண்டாம். பிரஷர் வாஷரை ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பாக்ஸ், ஏர் இன்டேக் பக்கம் காட்டினால் அன்றே ஸ்டார்ட் ஆகும், மூன்றாம் நாள் டேஷ்போர்டில் எச்சரிக்கை லைட் எரியும், பழி உங்கள் மேல். கேட்பவருக்கு பிரஷ், ஏ.பி.சி. (ஆல் பர்ப்பஸ் கிளீனர்), ஈரத்துணி, காற்று, அவ்வளவுதான். ஹைப்ரிட்டிலும் எலெக்ட்ரிக்கிலும் ஆரஞ்சு கேபிள் ஓடும் இடத்தைத் தொடவே வேண்டாம்.

ஈ.சி.ஆர். உப்பு — 10 ஜூன்

வாளி சார், கணக்கு சரி, ஆனால் வகுக்கும் எண் சரியில்லை. இவருக்கு ஆள் மூன்று, பே ஒன்று. மூன்று பேரும் சும்மா இருந்தாலும் அடுத்த காரை உள்ளே விட முடியாது. ஒற்றைப் பே கடையில் விற்பது பே-மணி.

26 நாள், 8 மணி, 208. எழுபது சதவீதம் நிரம்பினால் 146 மணி. ஒரு லட்சத்தை 146-ஆல் வகுத்தால் 685. லாபத்தோடு 822.

இதை வைத்து அந்த 9,000 செராமிக்கைப் பாருங்கள். ஹேட்ச்பேக்குக்கு ஒழுங்காகச் செய்தால் வாஷும் டீகன்டாமினேஷனும் 2 மணி, பெயிண்ட் தடிமன் அளவெடுத்து டேப் ஒட்ட 1, கட்டிங் (கோடுகளைத் தேய்த்து எடுக்கும் முதல் பாலிஷ்) 5. மறுநாள் ஃபினிஷிங் (மினுக்கும் இரண்டாம் பாலிஷ்) 3.5, ஐ.பி.ஏ. (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்து லைட்டில் பார்க்க 1, கோட்டிங் 2.5, டெலிவரி 1. மொத்தம் 16. பொருள் செலவு: 30 மி.லி. பாட்டில் 3,000, காம்பவுண்டும் பாலிஷும் 400, பாலிஷ் பேட் தேய்மானம் 500, அயர்ன் ரிமூவர் 200, க்ளே (ஒட்டிய துகளை எடுக்கும் களிமண்) 150, டேப் 100, ஐ.பி.ஏ. 60, தூக்கிப்போடும் துணி 100. 4,510 ஆகிறது. 9,000-இல் அது போக மீதி 4,490; பதினாறால் வகுத்தால் மணிக்கு 280. கடை ஓட மட்டுமே 685 வேண்டும்.

822 கணக்கில் 13,152, பொருள் 4,510, திருத்த வேலைக்கு ஒதுக்கும் 1,000. ரூ.18,500 பக்கம் வந்து நிற்கும்.

இரண்டு வாளி — 10 ஜூன்

ஒற்றைப் பேவுக்கு இதுதான் பொருந்தும். ஆள்-மணியை முழுசாக விட வேண்டாம், வாஷுக்கு அது தேவை. வாஷைப் பேவுக்குள் செய்தால் கார் ஏற்றி இறக்க 10 நிமிடம் சேர்த்து 50 நிமிடம், 685 ரூபாய். சரவணம்பட்டியில் ஹேட்ச்பேக் வாஷுக்கு அதை யாரும் தரமாட்டார்கள். வாஷை ஷீட் போட்ட வாசலுக்குத் தள்ளுங்கள். அங்கே செய்தால் பேவின் வாடகை அதன் தலையில் விழாது, ஆள்-மணிக் கணக்கில் 500 ரூபாய் நியாயமாக நிற்கும்.

நேரத்தையும் கட்டுங்கள். காலை 7.30 முதல் 10 வரை மூன்று வாஷ், அதோடு சரி. வெயில் ஏறிய பிறகு பானெட் சூட்டில் ஃபோம் காய்ந்து திட்டாகும். உள்ளே பாலிஷ் ஓடும்போது வாசலில் பிரஷர் வாஷர் அடித்தால் சாரல் உள்ளே வரும், நடுவில் கனமான பி.வி.சி. திரை போடுங்கள்.

புதுக்கடை — 11 ஜூன்

கணக்கு புரியுதுங்க. ஆனா இன்டீரியர் 1,200-க்கு எல்லாருமே பண்றாங்களே? அப்புறம் கார் சைஸ் எப்படிப் பிரிக்கறது? நான் நாலு மீட்டருக்குள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு வெச்சிருந்தேன்.

இரண்டு வாளி — 11 ஜூன்

நான்கு மீட்டர் என்பது வரிக்காக வந்த கோடு. பிரெஸ்ஸா, வென்யூ இரண்டும் 3,995 மி.மீ. ஆல்ட்டோவும் அதே பக்கம். ஆனால் பிரெஸ்ஸாவின் கூரைக்கு ஸ்டூல் போட வேண்டும், கதவு உயரம், வீல் ஆர்ச்சில் கறுப்பு பிளாஸ்டிக். மூன்றாகப் பிரியுங்கள்: முதல் வகை ஹேட்ச்பேக்கும் சின்ன செடானும்; இரண்டாம் வகை சின்ன எஸ்.யூ.வி.யோடு பெரிய செடானும் கிரெட்டாவும். இன்னோவா, ஃபார்ச்சூனர், எக்ஸ்.யூ.வி.700 போல மூன்று வரிசை சீட் உள்ளவை மூன்றாம் வகை. வாஷில் வித்தியாசம் நூறு நூற்றைம்பதுதான். பாலிஷில் மூன்றாம் வகை ஒன்றரை மடங்கு நேரம் இழுக்கும்.

இன்டீரியர் 1,200 என்றால் வாக்குவம், டேஷ்போர்டு துடைப்பு, பளபளப்பு ஸ்ப்ரே. சீட் ஷாம்பு செய்து உறிஞ்சி எடுப்பது வேறு. இரண்டு பேர் இரண்டரை மணி பே, 2,055, பொருள் 200. குறைந்தது 2,300 வேண்டும். இரண்டையும் தனிப் பெயரில் போடுங்கள், 'இன்டீரியர் துடைப்பு', 'இன்டீரியர் டீப் கிளீன்' என்று. பெயர் ஒன்றாக இருந்தால் 1,200 கேட்டு வந்தவர் சீட் கறையைக் காட்டுவார்.

ஈ.சி.ஆர். உப்பு — 11 ஜூன்

டீப் கிளீனில் ஆள் தவறும் இடம் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பல கார்களில் முன் சீட்டுக்குக் கீழே மஞ்சள் கனெக்டர் இருக்கும், அது ஏர்பேக் வயர். சீட்டைக் கழற்ற அதைப் பிடுங்கிவிட்டு இக்னிஷன் போட்டால் ஏர்பேக் லைட் எரிந்து நிற்கும், ஸ்கேனர் இல்லாமல் அணையாது. சீட்டைக் கழற்றாமலே செய்யும் விலையைப் போடுங்கள். கழற்ற வேண்டிய அளவு அழுக்கு என்றால் தனி விலை, பேட்டரி டெர்மினலை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுத்து வேலை.

தண்ணீரை ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக்குக்கு ஏ.பி.சி. 1:10, துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும், ஸ்விட்ச் மேல் நேராக அடிக்கக் கூடாது. டயருக்கு 1:4. எல்லா பாட்டிலிலும் கலவை விகிதத்தை மார்க்கரில் எழுதுங்கள். பசங்க கையளவில் ஊற்றினால் பொருள் செலவு இரண்டு மடங்காகும், உங்கள் விலைக் கணக்கு அங்கேயே உடையும்.

இரண்டு வாளி — 14 ஜூன்

ஹேட்ச்பேக், எஸ்.யூ.வி. என்று அட்டையில் விலை போட்டாயிற்று. ஆனால் ஒரே மாடலில் இரண்டு கார்கள், ஒன்று ஐந்து மணி, இன்னொன்று பதினொரு மணி எடுக்கும். காரின் நிலையைப் பார்க்காமல் போனிலேயே உறுதியான விலை சொல்லக் கூடாது. 'இந்த விலையிலிருந்து இந்த விலை வரை, கார் பார்த்து எழுதித் தருகிறோம்' என்று இரண்டு எண்ணும் சொல்லுங்கள். கீழ் எண்ணை மட்டும் சொன்னால் அவர் மனதில் அதுதான் நிற்கும்.

பார்க்கும்போது கையில் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி வேண்டும். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 90 முதல் 140 மைக்ரான், அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 35 முதல் 50. கருவி மொத்தத்தைத்தான் சொல்லும், கிளியர் கோட்டைத் தனியாகச் சொல்லாது. ஒரே பேனலில் ஐந்து இடம் எடுங்கள். 200-ஐத் தாண்டினால் மறுபடி பெயிண்ட் அடித்தது, பல நூறு போனால் கீழே புட்டி. எங்காவது 80-க்குக் கீழே இறங்கினால் யாரோ ஏற்கெனவே தேய்த்திருக்கிறார்கள், அங்கே கட்டிங் வேண்டாம். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி படிக்காது.

அப்புறம் டெஸ்ட் ஸ்பாட். பானெட்டில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் டேப் ஒட்டி, மென்மையான பேடும் ஃபினிஷிங் பாலிஷும் முதலில். கோடுகள் போகவில்லை என்றால் ஒரு படி கடினமான பேடும் பாலிஷும். ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் பெயிண்ட் பொதுவாகக் கடினம், ஹோண்டா, டொயோட்டா மென்மை என்பார்கள். அதை நம்பி விலை எழுதாதீர்கள், ஸ்பாட்டில் மெஷின் எத்தனை முறை ஓட வேண்டியிருந்தது என்பதை எழுதுங்கள். மேட் ஃபினிஷ் கார் வந்தால் பாலிஷ் கிடையாது, வாஷும் மேட்டுக்கான சீலன்ட்டும் மட்டும்.

இந்தப் பார்வைக்கு 300 ரூபாய் வாங்குங்கள், வேலை கொடுத்தால் பில்லில் கழியுங்கள். இலவசம் என்றால் வாரத்துக்கு நாலு மணி நேரம் ஓடிவிடும்.

கணக்குப்பிள்ளை — 15 ஜூன்

டீட்டெய்லிங் தெரியாது, பில் தெரியும். இந்த மாதிரி கடைக்கு வரும் சிக்கல் ஒன்று.

146 மணி, 822 ரூபாய் என்றால் மாதம் 1.2 லட்சம், மேலே பொருள் 35,000 வாக்கில், வாசல் வாஷ் தனி. ஆண்டுக்கு 20 லட்சத்தை ஒட்டி நிற்கிறீர்கள். சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும் எல்லை அதே 20 லட்சம். வியாபாரம் நன்றாக நடந்தால் முதல் ஆண்டிலேயே தாண்டும், அன்றிலிருந்து 18 சதவீதம்.

18,500 என்று அட்டை அடித்துவிட்டு பதிவு எடுத்தால், வரி உட்பட்ட விலையாகிவிடும். 1.18-ஆல் வகுத்தால் உங்களுக்கு 15,678, வரி 2,822. உங்கள் லாபம் முழுக்க அதற்குள் போகும். பாட்டில், காம்பவுண்ட் வாங்கிய வரி திரும்பக் கிடைக்கும், ஆனால் உங்கள் செலவில் பெரும்பங்கு சம்பளம், அதற்கு உள்ளீட்டு வரி இல்லை.

காம்போசிஷன் (சின்ன வியாபாரிக்கான எளிய ஜி.எஸ்.டி. முறை) வழி உண்டு: முந்தைய ஆண்டு விற்றுமுதல் 50 லட்சத்துக்குள் இருந்தால் சேவைக்கு 6 சதவீதம். பில்லில் வரி தனியாக வாங்கக் கூடாது, உள்ளீட்டு வரியும் எடுக்க முடியாது. தனியாள் கஸ்டமர்களுக்கு இது போதும். ஷோரூம் வேலை எடுத்தால் அவர்கள் வரி பில் கேட்பார்கள், அப்போது பயன்படாது. எந்த வழி என்று முடிவு செய்துவிட்டு அட்டை அடியுங்கள்.

இரண்டு வாளி — 15 ஜூன்

அட்டையின் கீழே 'வரி தனி' என்று முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். பதிவு எடுக்கும் நாளில் விலையேற்றம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஈ.சி.ஆர். உப்பு — 22 ஜூன்

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதி என்றால் கொடுத்து வைத்தவர். போர் தண்ணீர் என்றால் முதலில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) பாருங்கள். ஆயிரத்தைத் தாண்டும் தண்ணீரில் கழுவி வெயிலில் விட்டால் கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளை வட்டமாக ஒட்டும். கறுப்புக் காரில் கஸ்டமர் வீடு போய்ச் சேருவதற்குள் தெரியும். கடைசி அலசலுக்கு மட்டும் 20 லிட்டர் நல்ல தண்ணீர் அல்லது உப்பை நீக்கும் டீ-அயனைசர் குடுவை, பிறகு ப்ளோயர். இந்தச் செலவு வாஷுக்கு 15, 20 ரூபாய். சேருங்கள்.

வாட்டர் ஸ்பாட் எடுப்பதைத் தனி விலையாக வையுங்கள். புதிய கறை லேசான அமில ரிமூவரில் போகும். பெயிண்டுக்குள் அரித்த வட்டம் பாலிஷுக்குத்தான் கட்டுப்படும், சிலது அதற்கும் போகாது. கண்ணாடியில் சீரியம் ஆக்சைடும் ரேயான் பேடும், முன் கண்ணாடிக்கே ஒரு மணி நேரம். 'முழுக்கப் போகும்' என்று வாயால் சொல்ல வேண்டாம்.

வீட்டு வாசலுக்குப் போய்ச் செய்யும் எண்ணம் இருந்தால்: அபார்ட்மென்ட் அசோசியேஷன் பிரஷர் வாஷரை விடாது. ரின்ஸ்லெஸ் வாஷ்தான், அதாவது அலசாமல் துடைத்தெடுப்பது. 10 லிட்டர் தண்ணீரில் அதற்கான ஷாம்பு 40 மி.லி., எட்டுப் பத்து மைக்ரோஃபைபர் துணி, மடித்த துணியின் ஒரு முகம் ஒரு பேனலுக்கு, திரும்ப வாளிக்குள் போடாமல். சேறு அப்பிய காருக்கு இது ஆகாது, அட்டையிலேயே எழுதிவிடுங்கள். போக வர ஆகும் நேரமும் ஆள்-மணிதான். 5 கிலோமீட்டருக்கு மேல் தனிக் கட்டணம், ஒரே அபார்ட்மென்டில் மூன்று கார் சேர்ந்தால் கட்டணம் இல்லை. இப்படி வைத்தால் அவர்களே பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்த்துவிடுவார்கள்.

புதுக்கடை — 2 ஜூலை

அபார்ட்மென்ட்ல தினமும் துடைக்கறவங்க மாசம் 600 வாங்கறாங்க. அவங்ககூட எப்படிங்க போட்டி போடறது?

இரண்டு வாளி — 2 ஜூலை

போடாதீர்கள். ஒரு வாளி, ஒரு துணி, இருபது கார். முதல் காரின் மண் இருபதாம் கார் மேல் தேய்கிறது. வெயிலில் பானெட்டில் சிலந்தி வலைபோல் தெரியும் கோடுகள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. அந்தக் கார்கள்தான் உங்கள் பாலிஷ் வேலைக்கு வரும். மாதம் இரண்டு வாஷ், 900 ரூபாய், நாள் முன்கூட்டியே குறித்தது என்று ஒரு திட்டம் வையுங்கள், ஆனால் செவ்வாய் முதல் வியாழன் வரை மட்டும். சனி ஞாயிறில் தள்ளுபடி வாஷ் வந்தால் முழு விலைக் காருக்கு இடமிருக்காது.

பாலிஷ் முடித்த காரை மறுநாளே அதே துணி துடைக்கும். டெலிவரியில் இதைச் சொல்லி, இரண்டு நல்ல துணியைக் கையில் கொடுத்தனுப்புங்கள். 150 ரூபாய்ச் செலவு, விலையிலேயே இருக்கட்டும்.

இரண்டு வாளி — 3 ஜூலை

பேரம் பற்றி. 18,500-ஐ 15,000-க்குக் கேட்பார்கள். வேலையை அப்படியே வைத்துக்கொண்டு விலையை இறக்கினால் நேரத்தில்தான் கை வைக்க வேண்டும், அது காரில் தெரியும். வேலையில் ஒரு படியை எடுங்கள்: 'கட்டிங் இல்லாமல் ஒரு கட்டப் பாலிஷோடு அதே கோட்டிங், 14,500, ஆழமான கோடுகள் அப்படியே இருக்கும்.' பத்து மணி பே, 8,220, பொருள் 4,200, ஒதுக்கீடு 1,000, கணக்கு 13,420-இல் நிற்கிறது. கஸ்டமருக்கும் எதை விட்டுக்கொடுத்தோம் என்று தெரியும். புதுக் காருக்கு இதுவே சரியான வேலை.

ஈ.சி.ஆர். உப்பு — 19 ஜூலை

'9எச் கடினம்' என்று விளம்பரம் செய்யும் கோட்டிங்கைக் கேட்டு வருவார்கள், தயாராக இருங்கள். அது பென்சில் கடினச் சோதனை. பென்சிலை 45 டிகிரியில் வைத்து 750 கிராம் எடையோடு தள்ளுவார்கள், 9எச் பென்சில் கீறவில்லை என்றால் 9எச். ரோட்டு மணல் பென்சில் இல்லை, அது கீறும். 'ஸ்கிராட்ச் வராது' என்று உங்கள் போர்டில் ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. சீக்கிரம் அழுக்கு ஒட்டாது, கழுவ எளிது, பறவை எச்சத்துக்குச் சில மணி நேரம் அவகாசம் கிடைக்கும். இதைச் சொல்லி விற்றால் யாரும் திரும்பி வந்து சண்டை போட மாட்டார்கள்.

'ஐந்து வருட வாரன்ட்டி' கோட்டிங் கம்பெனி தருகிறது என்பார்கள். அட்டையைப் படியுங்கள்: பல அட்டைகளில் மறுபடி பாலிஷ் செய்யும் கூலி உங்களுடையது, கம்பெனி பாட்டில் மட்டும் தரும். பதினாறு மணி பே-நேரம் இலவசம் என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். இரண்டு வருடம் எழுதுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை 1,200 ரூபாய் பராமரிப்புக்கு வந்தால்தான் செல்லும் என்று எழுதுங்கள், போர் தண்ணீர்க் கறையும் பறவை எச்சமும் சேராது என்றும் எழுதுங்கள். அந்த வரவில்தான் கோட்டிங்கின் நிலையை நீங்களே பார்க்க முடியும்.

கோட்டிங் போடும்போது: பாட்டிலில் எழுதியிருக்கும் காத்திருப்பு நேரம் குளுகுளு அறைக்கு. மே மாதச் சூட்டில் இரண்டு நிமிடம் என்பது அரை நிமிடமாகச் சுருங்கும். 40 செ.மீ. சதுரம் மட்டும் பூசி, வானவில் நிறம் விரிந்ததும் துடைத்துவிட வேண்டும். விட்டுப்போன திட்டு ஒரு மணி நேரத்துக்குள் கண்ணில் பட்டால் அதே கோட்டிங்கை மேலே பூசித் துடைக்கலாம். இறுகிவிட்டால் பாலிஷ் மெஷின்தான். நான் கணக்கில் சொன்ன ஒதுக்கீடு 1,000 இதற்குத்தான் போகும்.

இரண்டு வாளி — 4 ஆகஸ்ட்

சாவி வாங்கும் முன் செய்ய வேண்டியது: பத்துப் படம், நான்கு வீல், முன் கண்ணாடி, ஓடோமீட்டர். இருக்கும் கீறலைத் தாளில் வட்டமிட்டுக் கையெழுத்து. டேஷ்போர்டில் எரியும் லைட்டையும் எழுதுங்கள். செராமிக்குக்கு 30 சதவீதம் முன்பணம், பாட்டில் அதில் வாங்கிவிடலாம், நாள் குறித்துவிட்டு வராமல் போகிறவரும் குறைவார்.

ஹெட்லைட் ஜோடி 1,200 போடுங்கள். 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாள், காம்பவுண்ட், அதன் மேல் யு.வி. தாங்கும் பூச்சு. பூச்சு இல்லாமல் 600-க்குச் செய்து கொடுக்கும் கடைகளின் ஹெட்லைட் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும், ஏனென்றால் தேய்க்கும்போது கம்பெனி பூச்சும் போய்விடுகிறது.

புதுக்கடை — 24 செப்டம்பர்

கடை ஓடுதுங்க. ரெண்டு விஷயம். சின்ன காருக்கு 22-ஆம் தேதியில இருந்து ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 ஆயிருச்சு, புதுக் கார் டெலிவரி நிறைய. ஒரு ஷோரூம்ல காருக்கு 6,000 தர்றோம், கோட்டிங் போட்டுக் குடுங்கறாங்க. ரெண்டாவது, ஆயுத பூஜைக்கு வாஷ் கேட்டு இப்பவே முப்பது பேரு. விலை ஏத்தலாமா?

இரண்டு வாளி — 24 செப்டம்பர்

புதுக் காருக்கு வாஷ், க்ளே, லேசான ஃபினிஷிங், கோட்டிங் என்றால் 7 பே-மணி. 5,754-உம் பொருள் 3,700-உம் 9,454. அவர்கள் தரும் 6,000-க்கு உங்கள் பாட்டிலைத் திறக்க முடியாது. பாட்டிலை அவர்கள் தந்து, வேலையும் அவர்கள் யார்டிலேயே என்றால் உங்கள் பே காலியாக இருக்கும், இரண்டு பேர் ஆறு மணி, 12 ஆள்-மணி, 4,200, சில்லறைப் பொருள் 500. அப்போது 6,000 நல்ல விலை. பணம் எத்தனை நாளில் என்று எழுதி வாங்குங்கள். ஷோரூம் பாக்கி நாற்பத்தைந்து நாள் இழுத்தால் சம்பளம் கையிலிருந்து போகும்.

பூஜைக்கு வாஷ் விலையை ஏற்றாதீர்கள், மாதத் திட்டக்காரர்களுக்கு அது கசக்கும். நேரத்தை விற்கவும்: 28 முதல் 30 வரை காலை 6-க்கே திறங்கள், பே முழுக்க வாஷுக்கு, முன்பணம் கட்டியவருக்கு மட்டும் நேரம்.

ஈ.சி.ஆர். உப்பு — 25 செப்டம்பர்

பூஜை முடிந்த வாரம்தான் பாலிஷ் வேலை. சந்தனம், குங்குமம் பானெட்டில் காய்ந்து, வாழைக்கன்று கட்டிய கயிறு பம்பரைத் தேய்த்து, வாழைச் சாறு பழுப்பாக இறங்கி வரும். பசங்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: மஞ்சள்தூள் கறை மேல் ஏ.பி.சி. அடித்தால் சிவப்பாக மாறும். ஏ.பி.சி. காரம், மஞ்சள் காரத்தில் சிவக்கும். பயந்து இன்னும் அடித்தால் வெள்ளை சீட்டுக்குள் பரவும். முதலில் உலர்ந்த பொடியை வாக்குவத்தில் எடுத்து, நியூட்ரல் ஷாம்புவில் ஒற்றி எடுத்து, மீதியை வெயிலில் விடுங்கள். மஞ்சள்தூளின் நிறம் வெளிச்சத்தில் வெளிறும். இந்தக் கறைக்குத் தனிக் கட்டணம் 300 போதும். பால் கொட்டியது, வாந்தி, நாய் முடி இவற்றுக்கு 500 முதல் 1,000 வரை, பார்த்து. பால் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபோமுக்குள் இறங்கியிருந்தால் என்சைம் கிளீனர் ஊற வேண்டும், ஒரே நாளில் நாற்றம் போகும் என்று சொல்லக் கூடாது.

புதுக்கடை — 12 அக்டோபர்

ரெண்டாவது அட்டை அடிக்கறேன், பாருங்க. சைஸ் மூணு. வாஷ் 500, 600, 750. டீப் கிளீன் 2,400, 2,800, 3,400. ஒரு கட்டப் பாலிஷும் சீலன்ட்டும் 6,500, 7,500, 9,500. செராமிக் 18,500, 20,500, 26,500. ஹெட்லைட் 1,200. பராமரிப்பு 1,200. வரி தனி.

இரண்டு வாளி — 12 அக்டோபர்

செராமிக் மூன்றாம் வகை சரி: 24 பே-மணி 19,728, 50 மி.லி. பாட்டிலோடு பொருள் 6,000, ஒதுக்கீடு 1,000. பாலிஷ் மூன்றாம் வகை 9,500 மட்டும் இறுக்கம். ஹேட்ச்பேக்குக்கு 7 மணி என்றால் இதற்குப் பத்தரை, 8,631, பொருள் 1,000. 9,800 ஆக்குங்கள்.

டீப் கிளீனுக்கு மழைக்காலக் குறிப்பு ஒன்று சேருங்கள். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த சீட் ப்ளோயர் வைத்தும் ஆறு மணி நேரத்தில் காயாது. ஈரத்தோடு கண்ணாடியை ஏற்றிக் கொடுத்தால் மூன்றாம் நாள் பூஞ்சை வாடை. நவம்பர் முடியும் வரை டீப் கிளீன் காரைக் காலையில் முதல் வேலையாக எடுங்கள், சாயங்காலம் ஏ.சி. போட்டு, காற்றை உள்ளேயே சுற்றவிட்டு, அரை மணி ஓட்டுங்கள். சீட் ஃபோமை உள்ளங்கையால் அழுத்தி, கையில் ஈரம் பட்டால் சாவி மறுநாள்தான். அட்டையில் 'மழை நாளில் டெலிவரி மறுநாள்' என்று இருக்கட்டும்.